தலைப்பு வரி பழுதானால்: திறக்கப்படாத, பதில் வராத மின்னஞ்சல்களைச் சீர்செய்யும் வழிமுறை

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துவோர், புறாத்தீவுக்குப் படகு விடுவோர், திருகோணமலை நகரில் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களின் செயலாளர்கள் ஆகியோரின் மின்னஞ்சல்களைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்பக் கண்ட பழுதுகளை, அவை வெளியே தெரியும் அறிகுறியைக் கொண்டு இங்கு வகுத்திருக்கிறேன். கிழக்குக் கரையில் பயணிகள் வரும் பருவம் மே மாதம் முதல் செப்டெம்பர் வரையான சில மாதங்களே என்பதால், முற்பணம் குறித்த ஒரு பதில் இரண்டு நாள் தாமதித்தால் அந்த அறை வெறுமையாகவே கிடக்க நேரும். அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி தலைப்பு வரியிலேயே தொடங்குகிறது. அதைச் சீர்செய்யப் பெரும்பாலும் பணமும் வேண்டியதில்லை.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காரணங்கள் எளியதில் தொடங்கிச் செலவு மிகுந்ததை நோக்கிச் செல்கின்றன. ஒன்றைத் திருத்தி, அடுத்து அனுப்பும் மின்னஞ்சலில் பலனைப் பாருங்கள். பலன் தெரிந்தால் அதற்குக் கீழே உள்ளவற்றைத் தொட வேண்டியதில்லை. இரண்டு மூன்றை ஒரே வேளையில் மாற்றினால் எது பலித்தது என்பது தெரியாமலே போய்விடும்.

## எந்த அறிகுறியாயினும் முதலில் செய்ய வேண்டியது

யார், எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்ற மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். மூன்றில் ஒன்றை உங்களாலேயே எழுத முடியவில்லையென்றால் பழுது தலைப்பு வரியில் இல்லை, முடிவெடுக்காத விடயத்தில் இருக்கிறது. அதை முடிவுசெய்யாமல் தலைப்பை மட்டும் மெருகேற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. மூன்றும் தெளிவாக இருந்தால், மின்னஞ்சலை உங்கள் சொந்தக் கைத்தொலைபேசிக்கு அனுப்பி, அதைத் திறக்காமல், பட்டியலில் தெரியும் அளவை மட்டும் வாசித்துப் பாருங்கள். பெறுநர் முதலில் காண்பது அவ்வளவுதான்.

## அறிகுறி 1: மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை

### செய்ய வேண்டிய வேலை வெட்டுப்பட்ட பகுதியில் இருக்கிறது

நான் காணும் பழுதுகளில் மிகுதியானது இதுவே. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. கைத்தொலைபேசியின் திரையோ வரியின் இறுதியைத்தான் வெட்டுகிறது. எனவே இலக்கணப்படி முழுமையாகவும் மரியாதையாகவும் எழுதப்பட்ட ஒரு வரியில், எதைச் செய்ய வேண்டும் என்ற சொல் மட்டும் பெறுநரின் கண்ணில் படாமல் போகிறது.

ஒரு விடுதியிலிருந்து செல்லும் வரியை எடுத்துக்கொள்வோம்: "நிலாவெளியில் தாங்கள் பதிவுசெய்துள்ள அறைக்கான முற்பணத்தை மே 12 ஆம் திகதிக்குள் செலுத்தி உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்." கைத்தொலைபேசியில் இது "நிலாவெளியில் தாங்கள் பதிவுசெய்துள்ள…" என்று நின்றுவிடுகிறது. வாசிப்பவர் இதைப் பதிவு உறுதியானதற்கான பற்றுச்சீட்டு என்று எண்ணி, பிறகு பார்க்கலாம் என விட்டுவிடுகிறார். அவர்மீது குறை சொல்ல முடியாது, ஏனெனில் அவருக்குத் தெரிந்த மூன்று சொற்களும் அந்தப் பொருளையே தருகின்றன.

இதையே "முற்பணம் மே 12க்குள்: நிலாவெளி அறை" என்று மாற்றினால், வெட்டுப்பட்டாலும் வேலையும் திகதியும் எஞ்சி நிற்கும். முழு வாக்கியத்தைக் கைவிட்டு, செய்ய வேண்டிய காரியத்தைப் பெயர்ச்சொல்லாக முன்னே வைப்பதுதான் இங்குள்ள திருத்தம். "கையொப்பம் தேவை", "விலைமனு அனுமதி", "படிவம் ஜூன் 5க்குள்", "வருகை உறுதி" என்பவை போன்ற இரண்டு மூன்று சொற்கள் போதும். மரியாதை குறைந்துவிடுமோ என்று பல செயலாளர்கள் தயங்குகிறார்கள். மரியாதைக்குரிய இடம் மின்னஞ்சலின் உடல். தலைப்பில் பெறுநரின் நேரத்தைக் காப்பாற்றுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரத்துச் செய்தியில் "இரத்து" என்ற சொல்லே முதற்சொல்லாக வர வேண்டும், திகதிகூட அதற்கு முன்னே வரலாகாது. காற்று எழுந்து கடல் கொந்தளிப்பான நாளில் "மே 12 காலை புறாத்தீவுப் படகுப் பயணம் இரத்து" என்று அனுப்பினால், "மே 12 காலை புறாத்தீவு…" என்று வாசித்தவர் பையுடன் கரையில் வந்து நிற்பார்.

### பெறுநரின் மொழி வேறு

தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பில் அடுக்குவதைப் பல அமைப்புகளில் காண்கிறேன். நோக்கம் நல்லது, ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. பெறுநர் பட்டியலை மொழிவாரியாகப் பிரித்து, தலைப்பை அவரவர் மொழியிலும், உடலை வேண்டுமானால் மும்மொழியிலும் அனுப்புங்கள்.

### அனுப்புநர் பெயரும் முதல் வரியும் உதவவில்லை

தலைப்புக்கு மேலே அனுப்புநர் பெயரும், அதற்குக் கீழே மின்னஞ்சலின் முதல் வரியும் தெரியும். அனுப்புநர் பெயரில் பொதுவான அலுவலகக் கணக்கின் பெயர் மட்டும் இருந்தால், அதை விடுதியின் அல்லது சங்கத்தின் பெயராக மாற்றுங்கள். ஜீமெயிலின் அமைப்புகளில் சில நிமிட வேலை. முதல் வரியில் "அன்புடையீர், வணக்கம், தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்" என்பது வந்தால், தலைப்புக்குத் துணை நிற்க வேண்டிய இடம் வீணாகிறது. வணக்கம் ஒரு சொல்லோடு நிற்கட்டும். அடுத்த வாக்கியமே தொகையையும் திகதியையும் சொல்லட்டும்.

இவ்வளவும் செய்தும் எவருமே திறக்கவில்லையென்றால் மின்னஞ்சல் சென்று சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். நான்காம் அறிகுறிக்குச் செல்லுங்கள்.

## அறிகுறி 2: திறக்கிறார்கள், ஆனால் எதுவும் செய்வதில்லை

### உண்மையில் திறக்கிறார்களா?

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவைகள் காட்டும் திறப்பு விகிதத்தை நம்பி இந்த முடிவுக்கு வந்திருந்தால் சற்று நில்லுங்கள். ஆப்பிள் நிறுவனம் 2021 இல் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மின்னஞ்சலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கி வைப்பதால், பெறுநர் ஒருமுறையேனும் பார்க்காத மின்னஞ்சலும் திறக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறக்கூடும். ஐபோன் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பயணிகள் மிகுந்த பட்டியலில் இந்தக் கணக்கு இன்னும் பிசகும். வந்த பதில்கள், சொடுக்கப்பட்ட இணைப்புகள், வங்கியில் விழுந்த தொகை ஆகியவற்றை எண்ணுங்கள்.

### திகதி தெளிவில்லை

"நாளை", "இந்த வாரம்", "விரைவில்" ஆகிய சொற்கள் தலைப்பில் இருந்தால் உடனே நீக்குங்கள். திங்கள் இரவு அனுப்பிய "நாளை" என்பதைச் செவ்வாய் மாலையில் வாசிப்பவருக்கு அது புதன்கிழமை. எண்களால் மட்டும் எழுதும் திகதியும் ஆபத்தானது: 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்தால் இந்தக் குழப்பம் முற்றாகத் தீரும்.

நேரத்தைக் குறிப்பிட்டால் இலங்கை நேரம் என்பதையும் குறிப்பிடுங்கள். இங்கு மாலை 5 மணியாகும்போது, கோடைகாலத்தில் ஜேர்மனியில் பிற்பகல் 1.30, டொரொன்டோவில் காலை 7.30. கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் வேலை முடிந்து வந்து வாக்களிக்கலாம் என்று எண்ணியிருக்கும்போது, இங்கு நள்ளிரவும் தாண்டிவிடும்.

இறுதி நாளை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போயா தினத்தில் வங்கியும் அரச அலுவலகமும் மூடியிருக்கும் என்பதை மறந்து குறிக்கப்பட்ட இறுதி நாள்கள் ஏராளம். கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் உள்ளோரிடம் வெள்ளி நண்பகலுக்குள் பதில் கேட்பதும் பொருத்தமில்லை, அது ஜும்ஆத் தொழுகை வேளை. பிரதேச செயலகத்துக்கு அனுப்புவதாயின் அலுவல் மாலை 4.15க்கு முடிவதை நினைவில் வைத்து, இறுதி நேரத்தைப் பிற்பகல் 3 மணிக்கு முன்னரே வைப்பது நல்லது.

### யார் செய்ய வேண்டும் என்பது இல்லை

செயற்குழு உறுப்பினர் அனைவருக்கும் ஒரே மின்னஞ்சல் சென்றால், மற்றவர் செய்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். பொறுப்பானவரின் பதவியைத் தலைப்பின் தொடக்கத்தில் வையுங்கள்: "பொருளாளர் கையொப்பம் தேவை, வியாழன் 14: கணக்கறிக்கை." அவர் ஒருவருக்கு நேராக அனுப்பி, மற்றவர்களைப் பிரதியில் மட்டும் சேருங்கள்.

### ஒரே தலைப்பில் இரண்டு வேலை

"முற்பணமும் உணவு விருப்பமும்" என்று கேட்டால் உணவு விருப்பம் மட்டுமே பதிலாக வரும், ஏனெனில் மனிதர் எளிதானதை முதலில் செய்துவிட்டுக் கடமை முடிந்ததாக உணர்வார். இரண்டு மின்னஞ்சல்களாகப் பிரியுங்கள். பணம் முதலில், உணவு பிறகு.

### தலைப்பு சரி, வழி அடைபட்டிருக்கிறது

தலைப்பைப் பார்த்து உடனே செலுத்த முனைந்தவர், மூன்றாம் பந்தியில் ஒளிந்திருக்கும் வங்கி விவரத்தைத் தேட வேண்டியிருந்தால் அவருடைய விரைவு அங்கேயே தீர்ந்துவிடும். தலைப்பு எதைக் கேட்கிறதோ அதைச் செய்யும் வழி, மின்னஞ்சலைத் திறந்ததும் திரையை நகர்த்தாமலே தெரிய வேண்டும். இணைப்பைச் சொடுக்கி, கைத்தொலைபேசியில் இறுதிப் படிவரை நீங்களே சென்று பாருங்கள். வெளிநாட்டு அட்டையைக் கட்டணப் பக்கம் மறுத்தால் அதைத் தலைப்பு வரியால் திருத்த முடியாது. கட்டணச் சேவையை அமைத்துத் தந்த தொழில்நுட்பரை அழைக்க வேண்டிய கட்டம் அதுதான்.

## அறிகுறி 3: தலைப்பு புரியாத எழுத்துகளாகத் தெரிகிறது

ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால், வரி பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சானது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையே பயன்படுவதால் இதை ஒரு பார்வையிலேயே அடையாளம் காணலாம். உங்கள் கணினியில் அழகாகத் தெரிவதை நம்ப வேண்டாம். தலைப்புப் பெட்டி எழுத்துருவைச் சுமந்து செல்லாது, எனவே பெறுநருக்கு அடியிலுள்ள ஆங்கில விசைகளே தெரியும். பழைய கோப்பிலிருந்து வரியை ஒட்டுவதை நிறுத்தி, யூனிகோடில் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். நீண்ட பகுதியானால் பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன.

கேள்விக்குறிகளோ சதுரக் கட்டங்களோ தெரிந்தால், வழியில் உள்ள ஒரு பழைய மென்பொருள் தமிழ்க் குறியீட்டைச் சிதைக்கிறது. வரியைப் பாதியாகச் சுருக்கி மீண்டும் அனுப்பிப் பாருங்கள், நீளமான தமிழ் வரிகளே அதிகம் உடைகின்றன. சுருக்கியும் தீராமல், குறிப்பிட்ட ஓர் அலுவலகத்துக்கு மட்டும் இப்படி நேர்ந்தால், சிதைவு அவர்களுடைய மின்னஞ்சல் வழங்கியில் (சேர்வரில்) இருக்கிறது. அங்குள்ள கணினிப் பிரிவுக்கு அறிவியுங்கள். அது சரியாகும் வரை தலைப்பை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதில் தவறில்லை.

## அறிகுறி 4: ஸ்பாம் கோப்புறையில் போய் விழுகிறது

### வரியின் தோற்றம்

அடுக்கடுக்கான ஆச்சரியக்குறிகள், "இலவசம்", "இறுதி வாய்ப்பு" போன்ற சொற்கள், முழுவதும் பெரிய எழுத்தில் அமைந்த ஆங்கிலம் ஆகியவற்றை நீக்குங்கள். இவற்றில் ஒன்று மட்டுமே மின்னஞ்சலை ஸ்பாமுக்குத் தள்ளிவிடாது. வேறு குறைகள் ஏற்கெனவே இருக்கும் நிலையில் எடையைக் கூட்டும்.

முன்பு உரையாடாத ஒருவருக்குப் பதில் மின்னஞ்சல்போல "ரீ" என்ற முன்னொட்டை இட்டு அனுப்பும் பழக்கத்தைச் சிலர் உத்தியாகவே கற்பிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அது பொய், பெறுநர் அதை உணர்ந்த கணத்தில் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். வணிக மின்னஞ்சலில் ஏமாற்றும் தலைப்பு வரியை அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்கிறது.

### அனுப்பும் விதம்

இலவச ஜீமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பெறுநர்கள் என்ற வரம்பு உண்டு. பெரிய பட்டியலை மறைபிரதியில் (பி.சி.சி.) இட்டு அனுப்புவதைக் கைவிட்டு, விலகும் இணைப்போடு அனுப்பும் மொத்த அஞ்சல் சேவை ஒன்றுக்கு மாறுங்கள். ஆண்டுக்கணக்கில் பதில் தராத முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதும் தயங்காமல் செய்ய வேண்டியதே.

### சொந்த டொமைனின் சான்றுகள்

டொமைன் என்பது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகியவை, மின்னஞ்சல் உண்மையாகவே அந்த டொமைனிலிருந்து வருகிறது என்பதைக் காட்டும் சான்றுகள். 2024 பெப்ரவரி முதல் ஜீமெயிலுக்கு அனுப்பும் எவரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். சான்றைக் கொண்டிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு அவ்விரண்டும் டிமார்க்கும் கட்டாயம். ஸ்பாம் முறைப்பாடு 0.3 சதவீதத்தை எட்டவும் கூடாது. இதைப் பரிசோதிப்பது எளிது: உங்கள் டொமைன் முகவரியிலிருந்து ஒரு ஜீமெயில் கணக்குக்கு அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் மூல வடிவத்தைக் காட்டும் தெரிவைச் சொடுக்கினால், மூன்று சான்றுகளும் தேறினவா இல்லையா என்பது மேலேயே தெரியும். ஒன்றேனும் தேறவில்லையென்றால், டொமைன் பதிவுகளில் நீங்களாகக் கைவைக்காமல் இணையத்தளத்தை அமைத்தவரை அழையுங்கள். அங்கு ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் எல்லா மின்னஞ்சலும் நின்றுவிடலாம். பருவத்தின் நடுவே அதைத் தாங்க முடியாது.

## அறிகுறி 5: முன்பு உடனே பதில் வந்தது, இப்போது வருவதில்லை

இது மெல்ல வரும் பழுது, குணமாவதும் மெல்லத்தான். அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் "அவசரம்", "மிக முக்கியம்", "இன்றே" என்று இருந்தால் காரணம் உங்கள் முன்னேயே இருக்கிறது. திறந்து பார்த்தால் அவசரம் ஏதும் இல்லாத ஒரு கூட்ட அறிவித்தல், இரண்டு வாரம் கழித்து வரும் ஒரு கழிவுச் சலுகை. பெறுநர் சோம்பேறியாகிவிடவில்லை. உங்கள் சொல்லை அளந்து பார்த்து, அதற்குரிய மதிப்பைக் கொடுக்கப் பழகியிருக்கிறார்.

செலவில்லாத முதல் திருத்தம், "அவசரம்" என்ற சொல்லை ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தாமல் இருப்பது. அதன் இடத்தில் உண்மையான திகதியையும், தவறினால் நேரும் உண்மையான விளைவையும் வையுங்கள்: "மே 12க்குப் பின் அறை விடுவிக்கப்படும்" என்பது எந்தக் கூக்குரலையும்விட விரைந்து வேலை செய்யும். ஆனால் அந்தத் திகதிக்குப் பிறகு அறையை உண்மையாகவே விடுவிக்க வேண்டும். ஒருமுறை இறுதி நாளை நீடித்தவுடன், அடுத்த இறுதி நாளையும் எவரும் நம்புவதில்லை. முதலீடு தேவைப்படாத இந்த ஒழுக்கமே எல்லாவற்றிலும் கடினமானது. விடுதி உரிமையாளர்களுடன் நான் நீண்ட நேரம் வாதாடுவதும் இதைப் பற்றித்தான்.

இரண்டாவது திருத்தம், செயல் கேட்கும் மின்னஞ்சல்களையும் தகவல் சொல்லும் மின்னஞ்சல்களையும் பிரிப்பது. தகவல் மட்டுமாயின் தலைப்பிலேயே "தகவலுக்கு மட்டும்" என்று தொடங்குங்கள். அப்படித் தொடங்காத மின்னஞ்சல் தம்மிடம் ஏதோ கேட்கிறது என்பதைப் பெறுநர் சில வாரங்களில் உணரத் தொடங்குவார். அவுட்லுக்கில் சிவப்பு ஆச்சரியக்குறி இடும் முக்கியத்துவக் குறியையும் இதே கட்டுப்பாட்டோடு வைத்திருங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டிய காரியத்துக்கு மின்னஞ்சல் ஏற்ற வழியே அல்ல. தொலைபேசியில் அழையுங்கள், மின்னஞ்சலைப் பதிவுக்காகப் பின்னர் அனுப்புங்கள்.

## அறிகுறி 6: பழைய உரையாடலுக்குள் புதைந்துபோகிறது

ஜீமெயில் ஒரே தலைப்புக் கொண்ட பதில்களை ஓர் உரையாடலாகச் சேர்த்துவிடும். சென்ற மாதத்து "அறை விசாரணை" என்ற மின்னஞ்சலுக்கே பதிலாக முற்பண வேண்டுகோளை அனுப்பினால், பட்டியலில் இன்னும் "அறை விசாரணை" என்றே தெரியும். வேலை மாறும்போது தலைப்பையும் மாற்றுங்கள். தலைப்பு மாறியதும் புதிய உரையாடல் தொடங்கும். மாறாக, ஒரே வேலைக்கான நினைவூட்டலாயின் பழைய தலைப்பை அப்படியே விட்டுப் பதிலாகவே அனுப்புங்கள், முழு விவரமும் அதற்குள் இருக்கும்.

## அறிகுறி 7: மோசடியோ என்று ஐயப்படுகிறார்கள்

பணமும் அவசரமும் ஒரே வரியில் சேர்ந்தால் கவனமுள்ள பெறுநர் தயங்குவார், தயங்குவதே சரி. அவருடைய ஐயத்தைப் போக்க, உங்களுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைத் தலைப்பில் சேருங்கள். பதிவு இலக்கம், வருகைத் திகதி ஆகியவை பொருத்தமானவை. கடவுச்சீட்டு இலக்கமோ அட்டை இலக்கமோ தலைப்பில் ஒருபோதும் வரக்கூடாது. கட்டணத்துக்கான கணக்கு மாறியிருந்தால், அதை அவசர வேண்டுகோளோடு சேர்த்து அறிவிக்காமல், முன்பே தெரிந்த தொலைபேசி இலக்கத்தில் பேசி உறுதிப்படுத்தும்படி கேளுங்கள்.

நீங்கள் அனுப்பாத ஒரு கட்டண வேண்டுகோள் உங்கள் பெயரில் வந்ததாக ஒரு விருந்தினர் சொன்னால், அந்தக் கணத்தில் தலைப்பு வரிகளை மறந்துவிடுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, இரட்டை உறுதிப்படுத்தலை இயக்குங்கள். மின்னஞ்சல்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதும் புகுத்தப்பட்டிருக்கிறதா என்பதை அமைப்புகளில் பாருங்கள். முன்பதிவு செய்த எல்லோருக்கும் தொலைபேசியிலோ வட்ஸ்அப்பிலோ அறிவியுங்கள். பணம் ஏற்கெனவே சென்றிருந்தால் அனுப்பியவர் தமது வங்கியை உடனே அழைக்க வேண்டும். நீங்கள் பொலிசில் முறைப்பாடு செய்து, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்புக்கும் அறிவிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல்களை அழித்துவிடாதீர்கள், அவற்றின் மூல வடிவம் விசாரணைக்குத் தேவைப்படும்.